கல்யாணக் கூடாரத்தோடு முடிந்த சாலை

எங்கள் தொழிலில் ஒரு குழியைப் பார்த்ததும் அதன் ஆழத்தை அளப்பதில்லை. அது யாருடைய குழி என்றுதான் முதலில் கேட்போம். நீங்கள் பினாங்கில் மோட்டார் ஓட்டுகிறவராக இருந்தால், மழை நாளில் தண்ணீர் நிரம்பிய குழியில் முன்சக்கரத்தை விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தவராக இருந்தால், இந்தக் கேள்வி உங்களுக்குக் கோபத்தைத்தான் கொடுக்கும். எனக்கும் கொடுத்தது. பிறகு அதைக் கேட்பதற்கே எனக்குச் சம்பளம் தர ஆரம்பித்தார்கள்.

நான் உள்ளூராட்சி மன்றம் ஒன்றின் சாலைப் பராமரிப்புப் பிரிவில் உதவிப் பொறியாளர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதனால் கையெழுத்துப் போடுமுன் மூன்று முறை படிப்பேன். போட்ட பிறகும் ஒரு முறை படிப்பேன். இங்கே எழுதுவதையும் அப்படிச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கதை மட்டும் நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் பிரிவின் மூத்த தொழில்நுட்பர் குணா அண்ணன் சொல்லிக் கேட்டது. அவர் சொன்னபடியே முதலில் தருகிறேன்.

தட்டில் போட்ட வரைபடம்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு சாப்பிடும்போதுதான் குணா அண்ணன் இந்தக் கதையைச் சொல்வார். நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்ததாம். மன்றத்துச் சாலைகளை எல்லாம் அளந்து பட்டியல் போட்டார்கள். சாலைகளைப் பழுதுபார்க்க மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் தரும் மானியம் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வருகிறது. பட்டியலில் எத்தனை மீட்டர் சாலை இருக்கிறதோ, அத்தனை மீட்டருக்குத்தான் பணம். பட்டியலில் இல்லாத இடத்தில் அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு வாளித் தார்கூட ஊற்ற முடியாது.

ஆறுமுகம் என்ற ஊழியர், கைப்பிடி வைத்த அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், லோரோங் ஆறு எனப்படும் ஆறாம் எண் சந்துக்குள் நுழைந்தார். அது மறுபக்கம் வழியில்லாத சந்து. முக்கால்வாசி தூரம் போனதும், சாலையை அடைத்துக்கொண்டு ஒரு கல்யாணக் கூடாரம். குணா அண்ணன் இந்த இடத்தில் தட்டிலுள்ள வெண்டைக்காயை நீளமாகச் சாலையாக வைத்து, அதன் மேல் அவித்த முட்டையைக் கூடாரமாக நிறுத்துவார். பட்டியலில் லோரோங் ஆறின் நீளம் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று ஏறியது. அது கூடாரத்தின் வாசல் வரைக்குமான நீளம்.

“சக்கரத்தக் கம்பத்துல சாய்ச்சிட்டு மனுசன் சாப்பிட உக்காந்துட்டாரு. எந்திரிச்சப்ப ரோடு எங்க முடியுதுன்னு அவருக்கு என்ன கவல? ஆட்டுப் பிரட்டலோட முடிஞ்சிருச்சுலா.”

ஓசிப் பயணம்

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் முகப்பில் உட்கார வைத்தார்கள். ஒருவர் வந்து கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். அதில் அவருடைய காடிக்கு, அதாவது காருக்கு, கட்டிய ரோட் டேக்ஸ் ரசீது இருந்தது. “ஒரு வருசம்கூடத் தவறினதில்ல தங்கச்சி. இந்தக் காசெல்லாம் எங்க போச்சு?” என்றார். ரோட் டேக்ஸ் மத்திய அரசாங்கத்துக்குப் போகிறது, அதில் ஒரு காசுகூட நேராக மன்றத்துக்கு வருவதில்லை என்று விளக்கினேன். எங்களுக்கென்று சொந்தமாக வருவது முக்கியமாக வீட்டு வரிதான். அதில்தான் குப்பை, விளக்கு, சாக்கடை, பூங்கா எல்லாம். மிச்சம் இருந்தால் அவசரக் குழிகள்.

 அவரோ, தான் வாடகை வீட்டில் இருப்பதாகவும், வீட்டு வரியை வீட்டுக்காரர்தான் கட்டுகிறார் என்றும் சொன்னார். பிறகு கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் சமாதானமாக ஏதாவது சொல்வதற்குள் அவரே கேட்டார்:

“அப்ப இத்தன வருசமா இந்த ரோட்டுல நான் ஓசியிலயா போய்க்கிட்டிருக்கேன்?”

வேன் நிற்கும் இடம்

ஸ்டெல்லா அக்கா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறவர். என்னிடம் வந்தபோது கையில் மூன்று புகார் எண்கள் இருந்தன. மூன்றையும் கணினியில் தட்டினேன். மூன்றும் ‘வேலை முடிந்தது’ என்று காட்டின. இடம்: லோரோங் ஆறு.

அவர் கணவர் ஜோசப்புக்கு வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. மையத்தின் வேன் வந்து கூட்டிப்போய்க் கொண்டுவிடும். ஒரு நாள் வேனின் சக்கரம் குழியில் இறங்கி, ஜோசப்பின் தலை கூரையில் இடித்தது. அதிலிருந்து ஓட்டுநர் நல்ல தார் முடியும் இடத்திலேயே நிறுத்திவிடுகிறார். சிகிச்சை முடிந்து கால் துவண்டு வரும் மனிதரை, ஒரு கையில் குடையும் ஒரு கையில் அவருமாக ஸ்டெல்லா அக்கா வீடுவரை நடத்திக்கொண்டு போக வேண்டும். போன வாரம் ஜோசப் நடு வழியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆனது. “விழுந்தா எலும்பு ஒடிஞ்சிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு மா,” என்றார் ஸ்டெல்லா அக்கா. அப்போதுதான் எனக்கு வெண்டைக்காயும் முட்டையும் நினைவுக்கு வந்தன. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு முறையும் போய், பட்டியலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்வரை அடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். பொய்யில்லை. அதற்கு அப்பால் உள்ள பகுதி எங்கள் பட்டியலில் இல்லை என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

“உங்க கம்ப்யூட்டர்ல ரோடு இல்லன்னா சரிமா. நாங்க அங்கதான் இருக்கோம்னாவது எழுதிக்க.”

வரிசையாக விழுந்த குழிகள்

மறுநாளே போய்ப் பார்த்தேன். தார் முடிகிற இடம் கத்தியால் வெட்டியதுபோல் நேர்க்கோடாக இருந்தது. அதற்கு அப்பால் பழைய சாம்பல் நிறச் சாலை. இன்னொன்றையும் கவனித்தேன். குழிகள் தாறுமாறாக இல்லை. சாலையின் இரு ஓரத்திலும் வரிசையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் விழுந்திருந்தன. பல்கலைக்கழகத்தில் படித்த எந்தக் காரணமும் இதற்குப் பொருந்தவில்லை.

ஸ்டெல்லா அக்காதான் தயங்கிச் சொன்னார். சந்தின் கடைசிப் பகுதி என்பதால் வாகனத் தொந்தரவு இல்லை. அதனால் தாமானில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் கூடாரம் அங்கேதான். அவர் மகள் கல்யாணத்துக்கும் அங்கேதான். கூடாரம் சாயாமல் இருக்க இரும்பு முளைகளைத் தாருக்குள் அடித்து இறக்குவார்கள். விசேஷம் முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அந்த ஓட்டைகள் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, அடியில் இருந்த மண்ணைக் கரைத்ததால், மேலே இருந்த தார் உட்கார்ந்துவிட்டது. போதாததற்குச் சாக்கடையின் வாயைப் பழைய விருந்துகளின் தட்டுகள் அடைத்திருந்தன. கூடாரம் போடும் பாபு அண்ணனை அழைத்து, முளைக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களில் கயிற்றைக் கட்டலாமே என்று கேட்டேன். அவர் என்னையும் என் பாதுகாப்புத் தொப்பியையும் ஒரு முறை பார்த்தார்.

“காத்தடிச்சுக் கூடாரம் பறந்துச்சுன்னா மன்றம் வந்து பிடிச்சுக்குமா மிஸ்?”

குழியின் அடையாள அட்டை

செபராங் ஜெயாவில் என் வீட்டிலேயே ஒரு புகார்தாரர் இருக்கிறார். என் அப்பா. பத்து காவான் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டுகிறார். நான் வேலையில் சேர்ந்ததிலிருந்து வழியில் உள்ள குழிகள் அனைத்தும் அவருக்கு என் குழிகள். சாயங்காலம் காலணியைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்: “உன் குழி ஒண்ணு இன்னிக்கு என் இடுப்ப ஒடச்சிருச்சு.”

நானும் பொறுமையாகச் சொல்வேன். பெரிய சாலை மாநிலத்தின் பொதுப்பணிப் பிரிவுடையது. நெடுஞ்சாலை, சுங்கம் வாங்கும் நிறுவனத்துடையது. தாமானுக்குள் இருக்கும் சாலைதான் மன்றத்துடையது. அதிலும் பட்டியலில் இருந்தால்தான் மானியம். ஒருவர் பணத்தை இன்னொருவர் குழியில் போட முடியாது. தணிக்கையில் கேட்பார்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே முழுவதையும் கேட்டார். நான் சொன்னதில் தப்பில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கேட்டார்:

“அப்ப குழியில எறங்கறதுக்கு முன்னாடி அதோட ஐசிய வாங்கிப் பாக்கணுமா?”

புதுத் தாரின் சுகம்

இது வேறு சாலையில் நடந்தது. ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. நான் முதன்முதலாகப் பொறுப்பேற்றுப் போட்ட தார் அது. கறுப்பாக, பளபளவென்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வேண்டுமென்றே அந்த வழியாகப் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் போனபோது, ஆட்கள் அதை நீளவாக்கில் வெட்டிக் கேபிள் பதித்துக்கொண்டிருந்தார்கள். அனுமதி இருந்தது. வெட்டியதைச் சரியாக மூடுவதற்குப் பிணையாக எங்களிடம் வைப்புத்தொகையும் கட்டியிருந்தார்கள். ஒழுங்காக மூடாவிட்டால் அந்தப் பணத்தில் நாங்கள் மூடலாம். எல்லாம் முறைப்படிதான். மன்றத்துக்குள்ளேயே இரண்டு பிரிவுகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அவர்கள் வெட்டி, பிறகு நாங்கள் தார் போட்டிருக்கலாமே என்று கேபிள் ஆட்களின் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர். எனக்கு ஒரு பாக்கெட் சோயா பால் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“பழைய ரோட்டுலதான் மிஸ் பிளேடு மாட்டும். உங்க ரோடு வெண்ணெய் மாதிரி போகுது.”

பறந்து போகிறவர்கள்

லோரோங் ஆறுக்குத் திரும்புகிறேன். எங்கள் பிரிவுத் தலைவர் புவான் ரொஸ்னா அதிகம் பேசமாட்டார். நான் ஐந்து பக்க அறிக்கை எழுதிக்கொண்டு போனேன். அந்தப் பகுதி மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்ட சாலைதான் என்பதற்குத் திட்டமிடல் பிரிவிலிருந்து வரைபடம் வாங்கி இணைத்திருந்தேன். கூடவே, அங்குள்ள ஒன்பது வீடுகளுக்கும் மன்றம் தவறாமல் அனுப்பும் வீட்டு வரிக் கடிதங்களின் பட்டியலும்.  எந்தப் பக்கத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதோ என்பதுதான் என் கவலை.

அவர் வரைபடத்தைப் பார்த்தார். வரிப் பட்டியலைப் பார்த்தார். கடிதம் போய்ச் சேரும் வீடுகளுக்குச் சாலை இல்லை என்று நம் பட்டியல் சொல்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதலில், மன்றத்தின் சொந்தப் பணத்தில் இருக்கும் அவசர ஒதுக்கீட்டில் குழிகளை மட்டும் அடைக்கச் சொன்னார். நிரந்தரமான தாருக்கு மானியம்தான் வழி. அதற்குச் சாலையை மறுபடி அளந்து விண்ணப்பிக்க வேண்டும். அளவுக்குக் கீழே கையெழுத்து என்னுடையது. பேனாவை மூடிவிட்டு மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

“நம்ம பட்டியல்படி அந்த ஒன்பது குடும்பமும் இத்தனை வருஷமா வீட்டுக்குப் பறந்துதான் போயிருக்காங்க.”

அளந்த நாள்

சக்கரத்தை நானே உருட்டினேன். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் மணியம் காலையிலேயே எல்லாருடைய காடிகளையும் நகர்த்தி வைத்திருந்தார். கூடாரம் எதுவும் இல்லை என்பதை முந்தைய நாளே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். முதல் முறை இருநூற்று எண்பத்தாறு மீட்டர். எனக்கு நம்பிக்கையில்லை. திரும்ப ஆரம்பத்துக்குப் போய் மறுபடி உருட்டினேன். அதே இருநூற்று எண்பத்தாறு.

சந்து முடிந்த இடத்தில் தனியார் நிலம் ஒன்றில் சின்ன வாகன நிறுத்தம் இருந்தது. “இன்னும் பத்து மீட்டர் உருட்டுங்க தங்கச்சி. அதுவும் ரோடு மாதிரிதானே இருக்கு? யாரு வந்து பாக்கப் போறா?” என்றார் மணியம்.  பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து மீட்டரால் முழு விண்ணப்பமும் தள்ளுபடி ஆகலாம் என்று சொல்லி, சக்கரத்தைத் தூக்கிவிட்டேன். அன்று என் குரல் நடுங்கவில்லை என்பதை நானே ஆச்சரியத்தோடு கவனித்தேன். ஜோசப் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடந்து போகும்போது கூப்பிட்டார்:

“அப்படியே என்னையும் அளந்துட்டுப் போ மா. நானும் எந்தப் பட்டியல்லயும் இல்ல போல.”

வேன் உள்ளே வந்தது

குழி அடைப்பதைத் தார் கொட்டி மிதிப்பது என்று நினைக்காதீர்கள். குழியின் ஓரங்களைச் சதுரமாக வெட்ட வேண்டும். தண்ணீரையும் மண்ணையும் கூட்டித் தள்ள வேண்டும். ஒட்டுத் தார் பூசி, கலவை கொட்டி, இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். அதற்கும் முன்னால் சாக்கடையைத் திறந்துவிடச் சொன்னேன். தண்ணீர் ஓடாவிட்டால் அடைத்தது அடுத்த மழைவரைதான். அரை நாள் சாக்கடைக்கே போனது. குணா அண்ணன், “பொண்ணு ரோடு போடச் சொன்னா ஓடை வெட்டுது,” என்று சிரித்தார். ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. அந்த மாதமே பாபு அண்ணன் ஒரு பிறந்தநாளுக்கு நீலப் பீப்பாய்களோடு வந்து இறங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கூடாரமும் பறக்கவில்லையாம்.

மறுநாள் வேன் வரும் நேரத்துக்கு நான் அங்கே நின்றேன். யாரும் வரச் சொல்லவில்லை. வேன் பழைய கோட்டருகே வந்து, பழக்கத்தில் நின்றது. பிறகு மெதுவாக உள்ளே வந்தது. ஜோசப்பின் வாசலில் கதவு திறந்தது. ஸ்டெல்லா அக்காவின் கையில் விரிக்காத குடை. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கணவரைப் பிடித்து இறக்கினார். இரண்டே அடி.  ஓட்டுநர் சன்னலில் தலையை நீட்டி, சந்தின் கடைசியில் காடிகள் நிறைந்து நின்ற வாகன நிறுத்தத்தைப் பார்த்தார்.

“நல்லாப் போட்டிருக்கீங்க மிஸ். இப்ப நான் எப்படித் திருப்புறது?”

பின்னால் இருந்த தாள்

மானிய விண்ணப்பம் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. பழைய சாலை என்றால் முதலில் ஏன் விட்டுப்போனது? ஆதாரம் தேவை. ‘அளந்தவர் சாப்பிடப் போய்விட்டார்’ என்று எழுதி என்னால் கையெழுத்துப் போட முடியாது. இரண்டு நாள் ஆவணக் கிடங்கில் உட்கார்ந்து, லோரோங் ஆறின் பழைய களத் தாளைக் கண்டுபிடித்தேன். ஆறுமுகத்தின் கையெழுத்து. ‘கூடாரம் வரை 212. மீதி நாளை.’ அதன் பின்னால் இன்னொரு தாள் ஸ்டேப்பிள் செய்யப்பட்டிருந்தது. மறுநாள் தேதி. ‘மீதி 74.’ இரண்டையும் கூட்டினால் இருநூற்று எண்பத்தாறு. நான் அளந்த அதே அளவு. கிடங்கில் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். ஆனால் முதல் தாளின் 212-ஐ மட்டும் ஏற்றித் தட்டச்சு செய்த பட்டியலின் அடியில், சரிபார்த்தவரின் சுருக்கொப்பத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அது குணா அண்ணனுடையது.

விண்ணப்பத்தோடு இணைக்குமுன் அவரிடம் காட்டுவதுதான் முறை என்று பட்டது. அதே நாசி கண்டார் கடை. அவர் முதல் தாளைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், பட்டியலில் இருந்த தன் ஒப்பத்தைப் பார்த்தார். பிறகு தட்டில் வெண்டைக்காய்மேல் இருந்த முட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். “சேர்த்து அனுப்பு. என் கையெழுத்த மறைக்காத,” என்றார். முட்டையைப் பிட்டுக்கொண்டே, “ஆனா ஆறுமுகம் சாப்பிட்டது நெசம்லா,” என்றார்.

தாள்கள் போயின, அடுத்த பட்டியலில் லோரோங் ஆறு இருநூற்று எண்பத்தாறு மீட்டராக வந்தது. எனக்கு மட்டும் ஒன்று பாக்கி இருந்தது. ஆறுமுகத்தின் எண்ணை வாங்கி அழைத்து, அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இத்தனை ஆண்டு அவரைப் பற்றி ஒரு கதை சுற்றியது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

“ரெண்டு நாளும் சாப்பிட்டேன்மா. ரெண்டு நாளும் அளந்தேன்.”

ஆக, ஒரு சாலையின் எழுபத்து நான்கு மீட்டரை இத்தனை வருடம் விழுங்கியது மழையுமில்லை, கூடாரமுமில்லை, ஒரே ஒரு ஸ்டேப்பிள் ஊசி. நான்தான் அதைக் கழற்றினேன், துருப்பிடித்திருந்தது.